பிறர் மனையில் கிட்டங்கி: கழற்றி மாட்டும் இரும்பு ஷெட் நமக்கு லாபமா?



சரக்கு வாங்கும் நேரத்தில் கையில் பணம் இருக்கிறது, விலையும் இறங்கி இருக்கிறது, ஆனால் இறக்கி வைக்க இடம் இல்லை. இது இன்று நம் வியாபாரிகள் பலருக்கும் உள்ள சங்கடம். கடைவீதிக்குள் இருக்கும் பழைய கிட்டங்கிகளுக்குப் பகலில் லாரி வர முடிவதில்லை. ஊருக்கு வெளியே சாலையோரம் மனை கிடைக்கிறது. ஆனால் மனைக்காரர் விற்பதாக இல்லை. மூன்று வருடம், ஐந்து வருடம் என்று அடிமனை வாடகைக்குத்தான் தருகிறார். அந்த மனையில் என்ன கட்டுவது? செங்கல் சுவர் எழுப்பினால் காலி செய்கிற நாளில் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வர முடியாது. ஒன்றும் கட்டாமல் தார்ப்பாய் போட்டு மூடினால் ஒரு மழைக்கு நூறு மூட்டை போகும்.

இதற்கு நடுவழியாக வந்திருப்பதுதான் போல்ட் போட்டுப் பூட்டி, வேண்டும்போது கழற்றி, வேறு இடத்தில் மாட்டக்கூடிய இரும்பு ஷெட். விற்கிறவர்கள் அதன் நன்மையை மட்டும் சொல்வார்கள். வாங்குகிற நாம் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தில் அதைக் கணக்கோடு பார்ப்போம்.

1. இது புதுச் சரக்கு அல்ல

தகடு ஷெட் ஏதோ நேற்று வந்தது என்று நினைக்க வேண்டாம். நெளிவுத் தகட்டுக்கு 1829-இல் இங்கிலாந்தில் ஹென்றி ராபின்சன் பால்மர் என்ற பொறியாளர் காப்புரிமை வாங்கினார். அவர் வேலை பார்த்தது லண்டன் துறைமுகத்தில். முதலில் அது கூரையாகப் போனதும் துறைமுகச் சரக்குக்குத்தான். ஆக, பிறந்த நாளிலிருந்தே இது வியாபாரிகளின் கூரை.

சாதாரணத் தகட்டை நெளித்தால் அது ஏன் பலமாகிறது? ஒரு தாளை இரண்டு விரலால் பிடித்தால் தொங்கும். அதையே விசிறி போல் மடித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். அவ்வளவுதான் சங்கதி. முதல் உலகப் போரில், 1916-இல், நிஸ்ஸன் என்ற ராணுவ அதிகாரி அரை வட்ட வடிவில் தகடுக் கொட்டகை அமைத்தார். சில ஆட்கள் சில மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். 1941-இல் அமெரிக்கக் கடற்படை அதே வழியில் ‘குவான்செட்’ கொட்டகைகளைச் செய்தது. போர் முடிந்த பிறகு அவை கடைகளாகவும் பட்டறைகளாகவும் கிட்டங்கிகளாகவும் மாறின.

இன்னொரு கிளை, கப்பல் கண்டெய்னர். 1956 ஏப்ரலில் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். சரக்கை ஒவ்வொரு மூட்டையாக ஏற்றி இறக்குவதற்குப் பதில் பெட்டியோடு தூக்கினால் என்ன என்று யோசித்த மனிதர் அவர். அந்தப் பெட்டிதான் இன்று பழையதாகி, நம் ஊர்ச் சாலையோரங்களில் கடையாகவும் கிட்டங்கியாகவும் நிற்கிறது.

2. மூன்று வகை

நம் உபயோகத்துக்கு மூன்று வகை கிடைக்கின்றன.

முதலாவது, இரும்புச் சட்டம் நிறுத்தி மேலேயும் பக்கத்திலும் தகடு அடிப்பது. விலை குறைவு, இடம் விசாலம். வெயில் மட்டும் அப்படியே இறங்கும்.

இரண்டாவது, இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரைப் பொருள் வைத்த பலகைகளால் ஆனது. ‘பஃப் பேனல்’ என்று சொல்வார்கள். வெப்பம் குறைவாக இறங்கும். விலை கூடுதல். பாக்கெட் போடும் கூடம், அலுவலக அறை, மிட்டாய், பிஸ்கட், நெய் போன்ற சரக்குகளுக்கு ஏற்றது.

மூன்றாவது, பழைய கண்டெய்னர். 20 அடிப் பெட்டியின் உள்ளளவு ஏறக்குறைய 19 அடி நீளம், 7½ அடி அகலம், 7¾ அடி உயரம். காலிப் பெட்டியே இரண்டே கால் டன் இருக்கும். திருட்டுப் பயம் குறைவு. கிரேன் வைத்துத் தூக்கினால் அப்படியே அடுத்த இடத்துக்குப் போகும். ஆனால் காற்றோட்டம் கிடையாது. வெயிலில் நின்றால் உள்ளே அடுப்புதான். மேலே தனியாக ஒரு நிழல் கூரை போட்டே ஆக வேண்டும். இன்னொன்று, அதன் தரைப் பலகைக்குப் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். கதவில் உள்ள தகட்டில் அந்த விவரம் பொறித்திருக்கும். உணவுப் பொருளை அந்தப் பலகை மேல் நேராக அடுக்கலாகாது.

3. லாபம் எங்கே இருக்கிறது?

சீக்கிரம் முடியும், சுத்தமாக இருக்கும், தூண் குறுக்கே வராது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் வியாபாரிக்குப் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பிறர் மண்ணில் நம் முதல் சிக்கிக்கொள்ளாமல் இருப்பதே அந்த லாபம்.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தில் 108-ஆவது பிரிவு குத்தகைதாரரின் உரிமைகளைச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாத வரை, குத்தகைதாரர் மனையில் தாம் பொருத்தியவற்றைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். குத்தகைக் காலம் முடிந்த பிறகும் எடுக்கலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. மனை நம் சுவாதீனத்தில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். சாவியை ஒப்படைத்த பிறகு போய்க் கேட்க முடியாது. வாங்கியபோது மனை எப்படி இருந்ததோ அப்படியே திருப்பித் தர வேண்டும்.

செங்கல் சுவருக்கும் இந்த உரிமை உண்டு என்று வைத்துக்கொண்டாலும் இடித்தால் கையில் மிஞ்சுவது கட்டுமானக் கழிவுதான். ஷெட்டைக் கழற்றினால் சட்டம் சட்டமாகவும் தகடு தகடாகவும் வரும். இதுதான் வித்தியாசம்.

எனவே ஒப்பந்தப் பத்திரத்தில், ‘குத்தகைதாரர் தம் செலவில் நிறுத்தும் இரும்பு ஷெட், அதன் தூண், தகடு, கதவு, மின்சாமான் யாவும் அவருக்கே சொந்தம், காலி செய்யும்போது எடுத்துச் செல்லலாம், கழற்ற இத்தனை நாள் அவகாசம்’ என்று தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். வாய்ப் பேச்சு மனைக்காரர் இருக்கும் வரைதான். அவருக்குப் பின் பிள்ளைகள் நாலு பேர் வந்து நின்றால் பத்திரம்தான் பேசும்.

4. ஒரு கணக்குப் போடுவோம்

கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள். அடிமனை வாடகை இரண்டுக்கும் பொது என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

ஐந்து வருடக் குத்தகை. ஷெட் போட 5 லட்சம். செங்கல் கிட்டங்கி கட்ட 6 லட்சம். வட்டி வருடத்துக்கு 12 சதவீதம்.

ஷெட்: ஐந்து வருட வட்டி 3 லட்சம். ஐந்து வருடம் கழித்துக் கழற்றும்போது பொருளின் மதிப்பு 3 லட்சம் என்று வைத்தால் தேய்மானம் 2 லட்சம். கழற்றி ஏற்றி மறுபடி மாட்ட 60 ஆயிரம். ஆக மொத்தம் 5 லட்சத்து 60 ஆயிரம். 60 மாதத்துக்கு வகுத்தால் மாதம் சுமார் 9,300 ரூபாய்.

செங்கல்: வட்டி 3 லட்சத்து 60 ஆயிரம். முதல் 6 லட்சமும் மனையோடு போய்விடும். மொத்தம் 9 லட்சத்து 60 ஆயிரம். மாதம் 16 ஆயிரம் ரூபாய்.

இதோடு மூன்றாவது ஒரு கணக்கையும் போட வேண்டும். அதே அளவு கிட்டங்கி ஒன்று, அடிமனை வாடகையும் இந்த 9,300-உம் சேர்ந்த தொகையைவிடக் குறைந்த வாடகைக்குக் கிடைத்தால், ஷெட்டே வேண்டாம். வாடகைக்கு எடுங்கள். கைமுதல் சரக்கில் சுழலட்டும். மனை சொந்தமாக இருந்து, இருபது வருடம் அங்கேயே இருப்பது நிச்சயம் என்றால் செங்கலோ கான்கிரீட்டோ கட்டுவதுதான் சிக்கனம். பிறர் மனை, குறைந்த காலம், நிச்சயமில்லாத நிலை, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் ஷெட் முழு லாபம் தரும்.

5. எத்தனை மூட்டை கொள்ளும்?

20 அடிக்கு 30 அடி ஷெட் என்றால் 600 சதுர அடி. அத்தனையிலும் மூட்டை அடுக்க முடியாது. நாலு பக்கமும் சுவரிலிருந்து 2 அடி விட வேண்டும். மிச்சம் 16-க்கு 26. நடுவே 4 அடி நடைபாதை. இரண்டு பக்கமும் 6 அடிக்கு 26 அடி வீதம் 312 சதுர அடி அட்டி போட மிஞ்சும். 50 கிலோ அரிசி மூட்டை படுத்த நிலையில் ஏறக்குறைய 5 சதுர அடி பிடிக்கும். ஒரு வரிசைக்கு 60 மூட்டை. 12 வரிசை உயரம் என்றால் 720 மூட்டை, அதாவது 36 டன்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மூட்டையைத் தகட்டுச் சுவரில் சாய்க்கவே கூடாது. செங்கல் சுவர் சாய்ந்த அட்டியைத் தாங்கும். தகடு தாங்காது, பிதுங்கும், ஆணி பிடுங்கும். இரண்டாவது, 12 மூட்டை அட்டியின் கீழே சதுர அடிக்கு 120 கிலோ பாரம் இறங்குகிறது. ஷெட் விற்கிறவர் தரைக்குப் பொறுப்பு ஏற்க மாட்டார். தரையைக் கெட்டித்து, கான்கிரீட் போட்டு, அக்கம்பக்கத்து மழைநீர் நிற்கும் மட்டத்துக்கு மேல் இரண்டடியாவது உயர்த்துவது நம் பொறுப்பு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் பெய்த மழையில் கூரை நன்றாக இருந்தும் தரைமட்டம் தாழ்ந்திருந்ததால் சரக்கை இழந்தவர்கள் உண்டு.

6. மூன்று எதிரிகள்

முதல் எதிரி வெப்பம். பகலில் தகடு சுட்டால் வெல்லம் கசியும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், மிளகாய் வற்றல் நிறம் போகும். கூரை முகட்டில் காற்றாடியும், சுவரின் கீழ்ப்பகுதியில் வலை அடித்த திறப்பும் வைத்தால் சூடான காற்று மேலே போய்க் குளிர்ந்த காற்று உள்ளே வரும். வெறும் காற்றாடி மட்டும் வைத்து, கீழே திறப்பு வைக்காவிட்டால் பயன் பாதிகூட இராது. கூரைக்கு வெள்ளை நிறத் தகடு போட்டாலும் சூடு குறையும். கூரை விளிம்பு பத்தடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

இரண்டாவது எதிரி கூரையின் வியர்வை. இதைப் பலர் ஒழுக்கு என்று நினைத்து ஆணிக்கு ஆணி தார் அடைப்பார்கள். உண்மையில் மழையே பெய்யாத மார்கழி இரவில்தான் இது அதிகம். இரவில் தகடு சீக்கிரம் குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரக் காற்று அதில் பட்டு, குளிர்ந்த செம்பின் வெளிப்புறம் போல நீர் கோத்து, சொட்டுச் சொட்டாக மேல் மூட்டையில் விழும். 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏறிய அரிசி பூசணம் பிடிக்கும். கடலையிலும் மிளகாயிலும் பூசணம் பிடித்தால் நஞ்சே உண்டாகும். அதை உணவுப் பாதுகாப்பு அதிகாரி கண்டால் சரக்கும் போகும், பெயரும் போகும். தகட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்பு ஒட்டுவதும் முகட்டுக் காற்றோட்டமுமே இதற்கு மருந்து. தரைக்கும் மூட்டைக்கும் நடுவே மரப்பலகை கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது எதிரி புயல் காற்று. இந்தியத் தர நிர்ணயக் கணக்கில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர். 50 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 150 கிலோ விசை காட்டும். 600 சதுர அடிக் கூரை 56 சதுர மீட்டர். கணக்கு 8 டன்னைத் தாண்டுகிறது. அதில் பாதி விசை மேல்நோக்கி இழுத்தாலும் 4 டன். ஷெட்டின் மொத்த எடையே இரண்டு மூன்று டன்தான். ஆகவே ஷெட் தன் எடையால் நிற்பதில்லை, அடித்தளத்தில் பூட்டிய போல்ட்டால்தான் நிற்கிறது. 2011 டிசம்பரில் கடலூர்ப் பக்கம் தானே புயலும், 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கஜா புயலும் கரையைக் கடந்தபோது தகடுக் கூரைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ‘எங்கள் ஊர்க் காற்று வேகத்துக்கு இந்த ஷெட் கணக்கிடப்பட்டதா?’ என்று கேட்டு, பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். ‘எடுத்து மாட்டுவதுதானே, சும்மா நிறுத்தினால் போதும்’ என்று சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

நாலாவதாகச் சிறு எதிரிகளும் உண்டு. நெளிவுத் தகடு தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு நெளிவும் எலிக்கு ஒரு வாசல். அதை அடைத்தே தீர வேண்டும். உப்பு மூட்டையும் உரமும் இரும்பை அரிக்கும். கடற்கரை ஊர்களில் காற்றே அரிக்கும். தகட்டு ஷெட் காற்றுப் புகாமல் அடைபடாது என்பதால் பூச்சிக்கு மருந்துப் புகை போடும்போது அட்டியை விரிப்பால் மூடித்தான் போட வேண்டும். அதுவும் உரிமம் பெற்றவரைக் கொண்டு.

7. பட்டறையாகப் பயன்படுத்தினால்

மசாலா அரைவை, மாவு மில், பாக்கெட் போடும் கூடம், தராசும் தள்ளுவண்டியும் பழுதுபார்க்கும் இடம் ஆகியவற்றுக்கும் இந்த ஷெட் ஏற்றது. நடுவில் தூண் இல்லாததால் இயந்திரத்தை விருப்பம்போல் மாற்றி வைக்கலாம். ஆனால் மின்சாரம் விஷயத்தில் அசட்டை கூடாது.  இரும்பு ஷெட்டில் வயர் உரசினால் ஷெட் முழுவதும் ஷாக் அடிக்கும். சட்டங்களுக்குத் தனி எர்த் போட வேண்டும். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் சுவிட்சும் வேண்டும். வயர் முழுவதும் குழாய்க்குள் போக வேண்டும். இயந்திரத்தைத் தனிக் கான்கிரீட் மேடையில் நிறுத்துங்கள். ஷெட் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டினால் அதிர்வில் போல்ட் தளரும்.

இரும்பு தீப்பிடிக்காது என்பதால் பயமில்லை என்று எண்ண வேண்டாம். ஏறக்குறைய 550 டிகிரி சூட்டில் இரும்பு தன் பலத்தில் பாதியை இழந்து வளைந்துவிடும். உள்ளே இருக்கும் சாக்கும் எண்ணெயும் அந்தச் சூட்டைத் தரும். இரண்டு வாசல் வையுங்கள்.

8. தராசு நம் கையில் இருக்கிறது

தகட்டின் தடிமன் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எடை பொய் சொல்லாது. அரை மில்லிமீட்டர் தடிமன் தகடு சதுர மீட்டருக்கு 3.9 கிலோ. 4 அடி அகலச் சுருளிலிருந்து நெளித்த தகடு 10 அடி நீளம் இருந்தால் சுமார் 14½ கிலோ நிற்க வேண்டும். 13 கிலோ நின்றால் அது 0.45 மில்லிமீட்டர் தகடு. நூறு தகட்டில் நூற்றைம்பது கிலோ இரும்புக்கு நாம் பணம் கொடுத்து, வாங்காமல் விட்டோம் என்று அர்த்தம். இறக்கும்போதே நாலு தகட்டை எடுத்து நிறுத்துப் பாருங்கள்.

அடுத்து, துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். 120 கிராமும் உண்டு, 275 கிராமும் உண்டு. தகடு எத்தனை வருடம் துருப்பிடிக்காமல் இருக்கும் என்பது இதைப் பொறுத்தது. மூன்றாவது, கழற்றி மாட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் இணைப்புகள் போல்ட்டில் இருக்க வேண்டும். இடத்தில் வந்து வெல்டிங் அடித்துவிட்டால் அது கழற்றும் ஷெட் அல்ல, அறுக்கும் ஷெட். தூண், உத்தரம் எல்லாவற்றிலும் பெயிண்டால் எண் எழுதி வைத்தால் ஐந்து வருடம் கழித்து மாட்டுகிற ஆளுக்குக் குழப்பம் வராது.

9. காகித வேலை

எடுத்துச் செல்லக்கூடியதுதானே, அனுமதி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஷெட் நிறுத்தும் முன் ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டு, எழுத்தில் வாங்கி வைப்பதே நல்லது. ஜி.எஸ்.டி. பதிவில் இந்த இடத்தைக் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும். உணவுப் பொருள் வைப்பதால் இந்த இடத்துக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்க வேண்டும். சரக்குக் காப்பீட்டில் முகவரியும், கட்டடம் தகடு என்ற விவரமும் இருக்க வேண்டும். ஷெட் இடம் மாறினால் பாலிசியிலும் அன்றே இடம் மாற வேண்டும். இல்லாவிட்டால் பிரீமியம் கட்டியும் நஷ்டஈடு வராது.

வரி வரவு பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்போன் கோபுர வழக்கு ஒன்றில், சேதமில்லாமல் கழற்றி வேறிடம் கொண்டு போகக்கூடிய முன்தயாரிப்புக் கூடம் அசையும் பொருளே என்று தீர்ப்பளித்தது. அது ஜி.எஸ்.டி.க்கு முந்தைய சென்வாட் காலத்து வழக்கு. ஜி.எஸ்.டி. சட்டத்தில் அசையாச் சொத்துக் கட்டுமானத்துக்கு வரி வரவு இல்லை. நம் ஷெட் எந்தப் பக்கம் சேரும் என்பதை பில்லையும் வரைபடத்தையும் காட்டி ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

10. முடிவாக

ஆர்டர் கொடுக்கும் முன் ஏழு கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில் எழுதுங்கள்.

மனை எத்தனை வருடத்துக்கு? ஷெட் எனக்கே சொந்தம் என்று பத்திரத்தில் இருக்கிறதா? அதே அளவு கிட்டங்கி வாடகைக்குக் கிடைத்தால் எவ்வளவு? நான் வைக்கப்போகும் சரக்கு சூட்டைத் தாங்குமா? எங்கள் ஊர்க் காற்றுக்குக் கணக்கிட்ட வரைபடம் கையில் இருக்கிறதா? தரைக்கும் அடித்தளத்துக்கும் ஆகும் செலவைச் சேர்த்தேனா? கழற்றி மாட்டும் கூலியைச் சேர்த்தேனா?

ஏழுக்கும் பதில் திருப்தியாக இருந்தால் தயங்காமல் போடலாம். ஒன்றிரண்டு இடித்தால் அதைச் சரி செய்த பிறகு போடலாம். பெரிய ஷெட்டாக ஒரேயடியாகப் போட வேண்டிய அவசியமும் இல்லை. 20-க்கு 30 போட்டு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இன்னும் 20 அடி நீட்டிக்கொள்ளலாம். அகலக்கால் வைக்காமல், வியாபாரம் வளர வளர இடத்தையும் வளர்த்துக்கொள்ளும் வசதி செங்கல் கட்டடத்தில் சுலபமாகக் கிடைக்காது. சிறு வியாபாரிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே மனையில் தனித்தனி ஷெட் போட்டு, காவலுக்கு ஆள் ஒருவரையே வைத்துக்கொண்டால் செலவு இன்னும் குறையும். நம் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி, ஊருக்கு ஓர் இடமாவது இப்படி அமைத்தால் எல்லோருக்கும் நல்லது.